இடுப்பில் முள்ளில்லாத கூடு

பெரியவளின் வேலை கல்லைக் கரைப்பது. கேட்டால் சிரிப்பு வரும். கல் எங்கேயாவது கரையுமா என்று அவள் மாமியாரே கல்யாணமான புதிதில் கேட்டிருக்கிறாள். கரையும். ஆசிட் இருந்தால், கையில் இரண்டு அடுக்கு ரப்பர் உறை இருந்தால், எல்லாவற்றுக்கும் மேலே பொறுமை இருந்தால் கரையும். பூமிக்குள் துளை போட்டு எடுத்துவந்த பாறையைப் பட்டாணி அளவுக்கு உடைத்து முதலில் ஒரு ஆசிட்டில் போடுவாள். சுண்ணாம்பெல்லாம் நுரைத்துப் போகும். அப்புறம் இன்னொரு ஆசிட். அது பொல்லாதது. கண்ணாடியையே தின்றுவிடும் என்பதால் பிளாஸ்டிக் பீக்கரில்தான் ஊற்ற வேண்டும். புகையை உறிஞ்சும் கூண்டுக்குள் கையை மட்டும் விட்டு வேலை செய்ய வேண்டும். மூன்று நாள் கழித்துப் பார்த்தால் பாறை போன இடம் தெரியாது. பீக்கரின் அடியில் ஒரு சிட்டிகை கறுப்பு வண்டல் கிடக்கும். அந்தச் சிட்டிகைக்காகத்தான் இத்தனை பாடு.

வண்டலில் இருப்பவை கூடுகள். ஐந்து கோடி வருடத்துக்கு முன்னால் கடலில் மிதந்த ஏதோ ஓர் உயிர் விட்டுப் போன வெறும் கூடுகள். ஒரு மில்லிமீட்டருக்குள் பதினாறை வரிசையாக அடுக்கலாம், அவ்வளவு பொடி. டைனோஃபிளாஜெல்லேட் என்று வாய் கொள்ளாத பெயர் அந்த உயிருக்கு. ஆய்வகத்தில் டைனோ என்று சுருக்கிக்கொள்வார்கள். வெளியாட்கள் டைனோசர் என்று நினைத்துக்கொண்டு எலும்பைக் காட்டச் சொல்வார்கள். பெரியவள் ஒரு ஸ்லைடை நீட்டுவாள். அதில் ஒன்றும் தெரியவில்லையே என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு போவார்கள்.

கரைத்து, தண்ணீர் மாற்றி மாற்றிக் கழுவிய பிறகும் வண்டல் கட்டி கட்டியாக ஒட்டிக்கொண்டிருக்கும். அதை உதிர்க்க ஓர் அதிர்வுத் தொட்டி உண்டு. மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடியைப் போட்டு அழுக்கெடுப்பார்களே, அதே சாதி. பீக்கரை அதில் இருபது செகண்ட் வைக்க வேண்டும். பத்து வைத்தால் கட்டி உடையாது. நிமிஷக்கணக்கில் வைத்தால் கூட்டின் மேலிருக்கும் முள்ளெல்லாம் உதிர்ந்து போகும். முள் போன கூட்டை வைத்து இது இன்ன இனம் என்று சொல்ல யாராலும் ஆகாது. பெரியவள் இருபத்திரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட இருபதைத் தாண்டியதில்லை. ஸ்டாப்வாட்சைப் பிடித்துக்கொண்டு நின்றால் பக்கத்தில் தீப்பிடித்தாலும் திரும்பமாட்டாள். முடிந்த கையோடு நோட்டில் எழுதுவாள்: மாதிரி எண், ஆசிட் எத்தனை நாள், தொட்டி எத்தனை செகண்ட். அவள் எழுதியதை யாரும் மறுபேச்சுப் பேசியது கிடையாது. வெளியூரிலிருந்து வரும் பெரிய பெரிய ஆட்கள்கூட ஸ்லைடின் ஓரத்தில் அவள் கையெழுத்தைப் பார்த்தால் சந்தேகத்தை மூட்டை கட்டி வைத்துவிடுவார்கள். அந்த ஒரு விஷயத்தில் அவளுக்குத் தலைக்கனம் உண்டு. இருக்கக்கூடாதா என்ன?

எல்லாம் சின்னவள் வரும் வரைக்கும்தான்.

இவளைப் பெரியவள் என்பது அந்த வீட்டுக்கு மூத்த மருமகள் என்பதால். மூன்று வருடத்துக்கு முன்பு கொழுந்தனுக்குக் கல்யாணம் ஆனது. வந்தவள் படித்தவள். படித்ததும் வேறு எதையாவது படித்துத் தொலைத்திருக்கக்கூடாதா, இதே கூடுகளைத்தான் படித்திருந்தாள். வந்த ஆறாம் மாதம் தானாகப் பரீட்சை எழுதி, தானாகத் தேறி, அதே ஆய்வகத்தின் மாடியில் மைக்ராஸ்கோப் முன்னால் போய் உட்கார்ந்துவிட்டாள். வீட்டில் பெரியவள் குடும்பம் மாடி, சின்னவள் குடும்பம் கீழே. வேலையில் நேர் தலைகீழ்.

பெரியவளுக்கு வயிறு எரிந்தது. இதில் சுற்றி வளைத்துச் சொல்ல என்ன இருக்கிறது? சுழல் நாற்காலியைப் பார்த்து எரிந்தது. இவள் இருபத்திரண்டு வருடமாக நின்றுகொண்டே வேலை செய்கிறவள். சின்னவளின் ஜன்னலைப் பார்த்து எரிந்தது. ரப்பர் உறைக்குள் ஊறி ஊறித் தோலுரிந்த தன் விரல்களையும், நகத்துக்குச் சாயம் பூசிய அந்த விரல்களையும் ஒரே சாப்பாட்டு மேசையில் பார்க்கும்போது சாப்பாடு இறங்கவில்லை. டைரக்டர் சின்னவளை 'டாக்டர்' என்று கூப்பிடுவார், இவளை 'அம்மா' என்பார். இவளைவிட அவர் இரண்டு வயது பெரியவர்.

மாமியார் தன் பங்குக்கு ஊதிவிட்டாள். எதிர்வீட்டுக்காரி கேட்டதற்கு மாடிப்படி வரை கேட்கிற குரலில் சொன்னாள்: "சின்னவ பெரிய மைக்ராஸ்கோப்புல ஆராய்ச்சி பண்றா. பெரியவளுக்கும் அங்கதான், கழுவுற வேலை."

கழுவுற வேலை. அந்தச் சொல் பெரியவளுக்கு மூன்று மாதம் காதிலேயே குடியிருந்தது.

சின்னவள் கெட்டவளாக இருந்து தொலைத்திருந்தாலாவது பரவாயில்லை. நாலு வார்த்தை திட்டிவிட்டு நிம்மதியாக இருக்கலாம். அவளோ அக்கா அக்கா என்று பின்னாலேயே வருவாள். டீ போட்டால் முதல் கப் இவளுக்குத்தான். "அக்கா கை பட்ட ஸ்லைடு மாதிரி எங்க யுனிவர்சிட்டியில ஒண்ணுகூட நான் பார்த்ததில்ல," என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிவாள். பெரியவள் அதையும் தனக்குப் போடும் பிச்சையாகத்தான் எடுத்துக்கொண்டாள். பொறாமை பிடித்தவளுக்குச் சர்க்கரையும் கசக்கும், என்ன செய்வது.

இப்படி இருக்கும்போது போன வருடக் கடைசியில் ஒரு மாதிரி வந்தது. எப்போதோ தோண்டி மூடிவிட்ட கிணற்றின் பாறைத் துண்டுகள் இருந்த பழைய பெட்டியிலிருந்து எடுத்த களிமண் பாறை. கட்டைவிரல் அளவு. மொத்தமே அவ்வளவுதான், மிச்சம் கிடையாது, போனால் போனதுதான் என்று சொல்லிக் கொடுத்தார்கள். பெரியவள் முழுசாகக் கரைத்தாள். தொட்டியில் இருபது செகண்ட் வைத்தாள். சல்லடையில் அலசி, இளஞ்சிவப்புச் சாயம் ஏற்றி, நாலு ஸ்லைடு போட்டாள். போட்டதும் நன்றாக வந்திருக்கிறதா என்று கீழ்த்தளத்துப் பழைய மைக்ராஸ்கோப்பில் ஒரு நோட்டம் விடுவது அவள் வழக்கம். அதற்கு யாரும் சம்பளம் தருவதில்லை, அவளாக வைத்துக்கொண்ட பழக்கம்.

அன்று மூன்றாவது ஸ்லைடில் அவள் கை அப்படியே நின்றுவிட்டது. முட்டை வடிவத்தில் ஒரு கூடு. தலைப்பக்கம் முள் கூட்டம், வால்பக்கம் முள் கூட்டம். நடுவில், இடுப்பைச் சுற்றி ஓடும் பட்டையில், ஒரு முள்ளும் இல்லை. பொடிப்பொடியாக வளையங்கள் மட்டும் வரிசையாக இருந்தன. இருபத்திரண்டு வருடத்தில் எத்தனை லட்சம் கூடுகள் அவள் கண்ணில் பட்டிருக்கும், இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. ஸ்லைடைத் திருப்பி, கூடு இருக்கும் இடத்துக்கு அடியில் பேனாவால் ஒரு மைப்புள்ளி வைத்தாள். யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. படித்தவள்தானே, என்ன சொல்கிறாள் பார்ப்போம் என்று தட்டில் அடுக்கி மாடிக்கு அனுப்பிவிட்டாள்.

இரண்டே நாளில் மாடி அமர்க்களப்பட்டது. சின்னவள் ஒரு புது இனத்தைக் கண்டுபிடித்துவிட்டாளாம். நாலு ஸ்லைடிலும் சேர்த்துப் பதினொரு கூடு இருக்கிறதாம். டைரக்டர் வந்து பார்த்தார், கணக்கெழுதுகிறவர்கூட வந்து பார்த்தார். கேக் வெட்டினார்கள். பெரியவளுக்கும் ஒரு துண்டு கீழே வந்தது. அவள் புள்ளியைப் பற்றிச் சின்னவள் ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தாள். ஒரு நாள் பார்த்தாள். ஒரு வாரம் பார்த்தாள். சின்னவள் மூச்சுவிடவில்லை.

"என் கண்ணு பார்த்தது, அவ பேருக்குப் போகுது," என்று பெரியவள் தன் புருஷனிடம் பொருமினாள். அவர் லிஃப்ட் ரிப்பேர் பார்ப்பவர், எதற்கும் அசராத மனிதர்.

"நீயே போய்ச் சொல்லேன், நான்தான் முதல்ல பார்த்தேன்னு."

"நானா போய்க் கேக்கணுமா? எனக்கென்ன தலையெழுத்தா?"

"அப்ப விடு," என்று அவர் போர்வையை இழுத்துக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லோரும் கீழ்வீட்டில் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மாமியார் சின்னவளிடம் கேட்டாள்: "அது என்னம்மா, பூச்சியா செடியா?"

"ரெண்டுலயும் சேத்தி இல்ல அத்தை. ஒரே ஒரு செல்லு. ரெண்டு சாட்டை இருக்கும். ஒண்ணு இடுப்பைச் சுத்தி, ஒண்ணு பின்னாடி. பம்பரம் மாதிரி சுத்திக்கிட்டே நீந்தும். நடுவுல ஒரு பருவத்துல கெட்டியா ஒரு கூடு கட்டிக்கிட்டு கடலுக்கு அடியில போய்த் தூங்கிடும். முழிச்சதும் கூட்டுல ஒரே ஒரு தட்டை மட்டும் கதவு மாதிரி திறந்துக்கிட்டு வெளிய போயிடும். நாங்க பார்க்கிறது அந்தக் காலிக் கூடுதான்."

"அப்போ குடியிருந்தவன் கதவைக்கூடச் சாத்தாம காலி பண்ணிட்டான்," என்றார் பெரியவளின் புருஷன்.

"அந்தக் கதவுதான் மாமா எங்களுக்கு ஆதாரமே. கதவு தலையில இருந்தா ஒரு பேரினம். முதுகுப்பக்கம், இடுப்புக்கு மேல, ஒத்தைத் தட்டு திறந்திருந்தா வேற பேரினம். இது ரெண்டாவது சாதி. அதுக்கப்புறம் முள்ளைப் பார்க்கணும். எத்தனை, எங்க எங்க, உள்ள குழல் மாதிரி இருக்கா, நுனி புனல் மாதிரி விரிஞ்சிருக்கா. அதை வெச்சுத்தான் சிற்றினம். இதுக்கு ரொம்ப நெருக்கமான பழைய இனம் ஒண்ணு இருக்கு. அதுக்கு இடுப்புலயும் முள்ளு உண்டு. இதுக்கு இல்ல. வளையம்தான் இருக்கு. அந்த ஒரு வித்தியாசம்தான் இதைப் புதுசாக்குது."

"இத்தனையும் ஒரு ஆளாப் பார்த்துக் கண்டுபிடிச்சியா?" மாமியார் மலைத்துப் போனாள்.

சின்னவள் சிரித்துக்கொண்டே பெரியவளைப் பார்த்தாள். "எல்லாம் அக்கா புண்ணியம்தான்," என்றாள்.

பெரியவளுக்கு உள்ளங்கால் முதல் உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது. புண்ணியமாம். கதவைப் பற்றியும் முள்ளைப் பற்றியும் அவள் வாயைத் திறந்து பாடம் நடத்த வேண்டியதில்லை. அவள் பள்ளிக்கூடம் போகிற வயதில் இவள் இதெல்லாம் பார்த்துச் சலித்தவள். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். போனவள் அத்தனை பாத்திரத்தையும் துலக்கினாள், சத்தத்தோடு.

ஆறு மாதம் சின்னவள் கட்டுரை எழுதினாள். பதினொரு கூட்டையும் நீள அகலம் அளந்தாள், சுவர் எத்தனை அடுக்கு என்று பார்த்தாள், முள்ளை எண்ணினாள், படம் வரைந்தாள். பதினொன்றில் ஒழுங்கான ஒன்றை மூல மாதிரி என்று தேர்ந்தெடுத்தாள். நாளைக்கு உலகத்தில் யார் அந்த இனத்தைப் பற்றிப் பேசினாலும் அந்த ஒரு கூட்டோடுதான் ஒப்பிட்டாக வேண்டும். பெயர் என்ன வைக்கப் போகிறாள் என்று எல்லோரும் கேட்டார்கள். சொல்லமாட்டேன், அச்சில் வரும்போது பாருங்கள் என்று மழுப்பினாள். பெரியவளுக்குத் தெரியாதா? டைரக்டர் பெயரை வைத்துக் காக்கா பிடிப்பாள், இல்லாவிட்டால் அவளைப் படிக்க வைத்த அப்பன் பெயரை வைப்பாள். மூல மாதிரி எந்தக் கூடு என்று விசாரித்தாள். மூன்றாவது ஸ்லைடாம். மைப்புள்ளிக்கு மேலே இருக்கிற அதே கூடு. அன்றைக்கு அவளுக்குக் காய்ச்சலே வந்துவிட்டது.

கட்டுரையை அனுப்புவதற்கு முந்தைய திங்கட்கிழமை, டைரக்டர் பெரியவளை மாடிக்கு வரச் சொன்னார். சின்னவள் மைக்ராஸ்கோப்பின் பக்கத்தில் நின்றிருந்தாள்.

"ஒண்ணும் இல்லம்மா, சும்மா ஒரு சம்பிரதாயம்," என்றார் டைரக்டர். "இடுப்புல இருக்கிற இந்த வளையம் இருக்கே, இது பிறவியிலயே இருக்கிற அலங்காரம்னு டாக்டர் எழுதியிருக்காங்க. முள்ளு உடைஞ்சு விழுந்த தழும்பா இருந்தாலும் மைக்ராஸ்கோப்புல இப்படியேதான் தெரியும். ரெண்டு விதமாவும் படிக்கலாம். பழைய இனத்துல இடுப்பு முள்ளுதான் இருக்கிறதுலயே மெல்லிசு. தொட்டியில கூட நேரம் வெச்சா அதுதான் முதல்ல போகும். வேற கல்லும் இல்ல, மறுபடி கரைச்சுப் பார்க்க."

"நோட்டுல இருபது செகண்ட்னு இருக்கு சார்," என்றாள் சின்னவள். "அக்கா எழுதினா அது கல்வெட்டு."

"தெரியும். இருந்தாலும் அவங்க வாயால ஒரு வார்த்தை கேட்டுட்டா எனக்கும் திருப்தி." அவர் பெரியவள் பக்கம் திரும்பினார். "எத்தனை செகண்ட்மா?"

இருபது. அந்த ஒரு சொல்லைச் சொல்லியிருந்தால் கதை முடிந்தது. பெரியவள் அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அப்போது அவள் கண் சின்னவளின் கையில் பட்டது. சாயம் பூசிய விரல் ஸ்லைடின் ஓரத்தைச் செல்லமாகத் தடவிக்கொண்டிருந்தது, மைப்புள்ளிக்குப் பக்கத்தில்.

"இருபதுன்னுதான் சார் எழுதினேன்," என்றாள் பெரியவள். குரல் அவள் எதிர்பார்த்ததைவிட அமைதியாக வந்தது. "ஆனா அன்னைக்கு நடுவுல ஒரு ஃபோன் வந்துச்சு. எடுத்துப் பேசிட்டேன். வந்து பார்த்தப்ப தொட்டி ஓடிக்கிட்டே இருந்துச்சு. ரெண்டு மூணு நிமிஷம் ஆகியிருக்கும். பயந்துக்கிட்டு வழக்கம்போல இருபதுன்னு எழுதிட்டேன்."

டைரக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். சின்னவளின் முகத்தில் ஈயாடவில்லை. "உடைஞ்ச முள்ளு ஒண்ணாவது ஸ்லைடுல கிடக்கணுமே அக்கா, ஒண்ணுகூட இல்லையே," என்றாள் மெதுவாக.

"தொட்டிக்கு அப்புறம்தானே சல்லடை. பொடி முள்ளெல்லாம் தண்ணியோட போயிருக்கும்."

அதற்கு மேல் கேட்க ஒன்றும் இல்லை. பொய் என்றால் அப்படி ஒரு பொய், தொழில் தெரிந்தவள் சொன்ன பொய். இருபத்திரண்டு வருடம் கைசுத்தமாக இருந்தவள் தானாக முன்வந்து தன் தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொண்டால் அதை நம்பாமல் வேறு எதை நம்புவது? கட்டுரை நின்றுபோனது. டைரக்டர் கோபப்படவில்லை. இனிமேல் தொட்டியை ஓட்டும்போது பக்கத்தில் இன்னொருவர் நின்று பார்த்து நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும் என்று மட்டும் ஒரு தாளில் அச்சடித்துக் கீழ்த்தளத்தில் ஒட்டச் சொன்னார்.

மாடிப்படியில் சின்னவள் பின்னாலேயே ஓடி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். திட்டப்போகிறாள் என்று பெரியவள் தயாரானாள்.

"மனசைப் போட்டு வருத்திக்காதீங்க அக்கா. யாருக்கும் நடக்கிறதுதான். வீட்டுல யார்கிட்டயும் சொல்லமாட்டேன்."

பெரியவள் கையை உருவிக்கொண்டு கீழே போனாள்.

உண்மையைச் சொன்னால் முதல் இரண்டு நாள் அவளுக்கு இனித்தது. சின்னவள் சிரிக்காமல் சாப்பிட்டாள், பார்த்தபோது இனித்தது. மாமியார் எதிர்வீட்டுக்காரியிடம் ஆராய்ச்சியைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை, இனித்தது. மாடியில் கேக் இல்லை, அமர்க்களம் இல்லை. சுவரில் ஒட்டிய தாளை மட்டும் பார்க்காமல் தாண்டிப் போனாள். அவளோடு தொட்டிக்குப் பக்கத்தில் நிற்பதற்கு, போன மாதம் வேலைக்குச் சேர்ந்த கிளார்க்கை அனுப்பினார்கள். அவனுக்குக் கொட்டாவி. கொட்டாவி விட்டுக்கொண்டே கையெழுத்துப் போட்டான். போகட்டும், அவளுக்கும் பெருமை போச்சு, எனக்கும் போச்சு, சரிக்குச் சரி என்று பெரியவள் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை கொழுந்தன் மாடிக்கு வந்தான், இஸ்திரிப் பெட்டி கேட்டு. போகும்போது கதவருகில் நின்று இழுத்தான்.

"அண்ணி, ஒண்ணு சொல்வேன், அவகிட்ட மாட்டிவிட்டுறக் கூடாது."

"என்ன தம்பி?"

"அந்தக் கட்டுரை நின்னுபோச்சுல்ல. அவ அதுக்கு உங்க பேரைத்தான் வெச்சிருந்தா. ஆறு மாசமா என்னைத் தவிர யார்கிட்டயும் மூச்சுவிடல. புஸ்தகம் அச்சாகி வந்ததும் உங்க கையில குடுத்து அசத்தணும்னு இருந்தா. இப்ப கேட்டா, சொல்லாதீங்க, அக்கா ஏற்கெனவே நொந்து போயிருக்காங்கங்கிறா. எனக்குத்தான் மனசு கேக்கல." அவன் ஃபோனை எடுத்து ஒரு பக்கத்தைக் காட்டினான்.

பெரியவள் படித்தாள். இங்கிலீஷ்தான், ஆனால் அவளுக்குப் புரிகிற இங்கிலீஷ். பேரினத்தின் பெயர். அதற்குப் பக்கத்தில் சாய்வெழுத்தில் அவளுடைய பெயர், லத்தீன் வாலோடு. அதன் கீழே பெயர்க் காரணம். இந்தக் கூட்டை முதலில் கண்டவரும், ஸ்லைடின் அடியில் மைப்புள்ளி வைத்து அதைக் காட்டிக்கொடுத்தவரும், இருபத்திரண்டு ஆண்டுகளாக இந்த ஆய்வகத்தின் ஒவ்வொரு மாதிரியையும் பழுதில்லாமல் தயாரித்து வருபவரும் ஆன இவரைச் சிறப்பிக்கும் வகையில் என்று எழுதியிருந்தது.

படித்த கையோடு கட்டிலில் உட்கார்ந்தாள். கொழுந்தன் பயந்துபோய்த் தண்ணீர் எடுத்து வந்தான். வேண்டாம் என்று கையைக் காட்டினாள். பாவி, ஒரு வார்த்தை முன்னாலேயே சொல்லித் தொலைத்திருக்கக்கூடாதா என்று சின்னவள் மேல் முதலில் ஆத்திரம்தான் வந்தது. அந்த ஆத்திரம் நிற்கவில்லை. உலகம் உள்ளவரைக்கும் நிற்கவேண்டிய தன் பெயரைத் தன் வாயாலேயே அழித்துவிட்டோம் என்பது உறைத்தபோது, பிள்ளைகளுக்குச் சாப்பாடு கட்டுவதைக்கூட மறந்துவிட்டு அப்படியே கிளம்பிவிட்டாள்.

ஆய்வகத்துக்குச் சின்னவள் வந்ததும் வராததுமாகப் பெரியவள் அவளைக் கீழ்த்தளத்துக்குக் கூப்பிட்டாள். கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் இரண்டு பேரும் நின்றார்கள்.

"அன்னைக்கு நான் சொன்னது பொய்," என்றாள் பெரியவள். "ஃபோனும் வரல, ஒண்ணும் வரல. இருபது செகண்ட்தான். நோட்டுல இருக்கிறதுதான் சத்தியம். அது புது இனம்தான்."

சின்னவளுக்குப் புரியவில்லை. "எதுக்கு அக்கா அப்படிச் சொன்னீங்க?"

"பொறாமைடி. வேற என்ன? நீ மேல நாற்காலியில உக்காந்திருக்க, நான் கீழ நிக்கிறேன். நான் பார்த்த கூட்டை நீ பார்த்ததா எல்லாரும் சொன்னாங்க. உன் சிரிப்பை என்னால பார்க்க முடியல. அதான். போய் டைரக்டர்கிட்ட சொல்லு. நானே வந்து சொல்றேன், எந்தத் தண்டனை குடுத்தாலும் ஏத்துக்கறேன்."

சின்னவளின் முகம் ஒரு கணம் மலர்ந்தது. பெரியவள் அதைத் தன் கண்ணால் பார்த்தாள். இந்தத் தடவை வயிறு எரியவில்லை. ஆனால் அந்த மலர்ச்சி பாதியிலேயே நின்றுவிட்டது. சின்னவள் ஏதோ யோசித்தாள். அளக்கும்போதும் எண்ணும்போதும் அவளுக்கு வருகிற அதே பார்வை வந்தது.

"பேர் விஷயம் உங்களுக்குத் தெரியுமா அக்கா?"

பெரியவளுக்கு மறுக்க வாய் வரவில்லை. "தம்பி சொன்னார்."

"எப்போ?"

"காலையில."

"இன்னைக்குக் காலையிலயா?"

"ஆமா."

குழாயிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சின்னவள் அதை இறுக்கி மூடினாள். "நேத்து வந்து இதைச் சொல்லியிருந்தீங்கன்னா, ஓடிப்போய் டைரக்டர் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்திருப்பேன்," என்றாள். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை. "இப்ப நான் என்னன்னு போய்ச் சொல்றது? அவங்க பேரைத்தான் வெச்சிருக்கேன்னு தெரிஞ்சதும், அன்னைக்குச் சொன்னது பொய்ங்கிறாங்கன்னா? அவர் என்ன நினைப்பார்?"

"அவர் கிடக்கிறார். நீ என்ன நினைக்கிற?"

சின்னவள் அவளை உற்றுப் பார்த்தாள். "பொய் சொல்ல உங்களுக்குத் தெரியாதுன்னு நினைச்சேன். அன்னைக்குச் சொன்னது பொய்யா, இப்ப சொல்றது பொய்யா? எனக்குத் தெரியலக்கா."

"உன் மேல சத்தியமா..."

"வேண்டாம் அக்கா. சத்தியத்தை எல்லாம் கட்டுரையில எழுத முடியாது." அவள் கண் கலங்கியிருந்தது. "பதினொண்ணையும் பழைய இனத்தோட அறையிலேயே வைக்கிறேன். பேருக்கு முன்னால ஒரு கேள்விக்குறி போட்டு வெச்சிடறேன். சந்தேகமா இருந்தா அப்படித்தானே போடுவோம். அதுக்கு மேல என்னால ஆகாது."

அவள் படியேறி மாடிக்குப் போனாள். பெரியவள் பிறகு ரப்பர் உறையை மாட்டிக்கொண்டு அடுத்த மாதிரியின் பீக்கரை எடுத்து அதிர்வுத் தொட்டியில் வைத்தாள். சுவிட்சுக்குப் பக்கம் போன கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். கையெழுத்துப் போடுகிறவன் இன்னும் வந்திருக்கவில்லை. அவன் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு காத்து நின்றாள்.